சூடானால் கிளம்பாத காரில் கிளியனூர் போன கதை

வெள்ளிக்கிழமை அதிகாலை கோவையில் கிளம்பிய எங்கள் கார் உளுந்தூர்ப்பேட்டை தாண்டும் வரை ஒரு நிமிஷம்கூட அணைக்கப்படவில்லை. காபிக்கு நிறுத்தினால் என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வருவார், நான் வண்டியில் காவல். அப்புறம் நான் போவேன், அவர் காவல். பாத்ரூமும் அப்படித்தான். ஓடுகிற இன்ஜினுக்குக் காவல் இருக்கத்தானா முப்பது வருஷத்துக்கு முன்னால் கழுத்தை நீட்டினேன் என்று ஆத்தூரில் கேட்டேன். அவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். எங்களுடையது பதினெட்டு வருஷத்துப் பழைய பெட்ரோல் கார். கார்புரேட்டர் காலம் முடிந்து, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிற காலத்தில் வாங்கியது. காலையில் சாவியைத் தொட்டாலே கிளம்பிவிடும். ஆனால் ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகினால் ‘கிர்ர் கிர்ர்’ என்று இழுத்துக்கொண்டே இருக்கும், பிடிக்காது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் நல்ல பிள்ளையாகக் கிளம்பும். உள்ளூர் மெக்கானிக் பேட்டரியை மாற்றினார், ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், கடைசியில் பேச்சை மாற்றினார்.

என் வீட்டுக்காரர் சண்முகம் நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்திரங்களில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம். நாலு பேர் முன்னால் நான் அதை மறுத்ததில்லை. அந்தக் குறை இங்கே தீரட்டும்.

போன காரியம் மகளை அழைத்து வருவது. எங்கள் ஒரே பெண் கீர்த்தியைத் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் கிளியனூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு வேலை துபாயில். இவள் மாமியாரோடு இருக்கிறாள். இப்போது ஏழு மாதக் கர்ப்பம். ஞாயிற்றுக்கிழமை காலை வளைகாப்பு, அது முடிந்ததும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அடுத்த நாலாம் நாள் எட்டாம் மாதம் பிறந்துவிடும். எட்டில் பெண்ணை வீடு மாற்ற மாட்டார்கள். ஒன்பதில் இவ்வளவு தூரம் போக டாக்டர் விடமாட்டார். ஆக, ஞாயிற்றுக்கிழமையை விட்டால் பிரசவம் அங்கேதான்.

வாடகைக் கார் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் மூன்று தடவை கேட்டேன். “எந்த வண்டியில ஏறுனாலும் பத்தாவது மைல்ல வாந்தி எடுக்கற புள்ள அது. சின்னதுல இருந்து இந்த வண்டியில மட்டுந்தான் தூங்கிட்டு வரும்,” என்றார். அது உண்மை. அதனால்தான் என்னால் மேலே சண்டை போட முடியவில்லை.

விழுப்புரம் வந்தபோது மணி ஒன்று. சாப்பாட்டுக் கடை வாசலில் இன்ஜினை ஓடவிட்டு நான் காவலுக்கு உட்கார்ந்தேன். கடை வாசலில் நின்ற பெரியவர் கண்ணாடியைத் தட்டினார். “ஆஃப் பண்ணுங்கம்மா, பொகையெல்லாம் உள்ள சாப்பிட்டுக்கினு இருக்கறவங்க மேல போவுது.” நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பசி அவர் முகத்தில் எழுதியிருந்தது. “அட, ஆஃப் பண்ணு, பாத்துக்கலாம்,” என்றார்.

சாப்பாடு பிரமாதம். சுண்டைக்காய் வத்தக்குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். எங்கள் ஊரில் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றி எல்லாவற்றையும் சாதுவாக்கிவிடுவோம். இங்கே நாக்கை ஒரு தட்டு தட்டுகிறது. தண்ணீர் மட்டும் சப்பென்று இருந்தது. சிறுவாணி குடித்து வளர்ந்தவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் சொல்கிற குறைதான் இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்தோம். கிர்ர் கிர்ர். நாலு தடவை முயன்றார். ஐந்தாவது தடவைக்குள் எங்களைச் சுற்றி ஏழு பேர். பக்கத்து டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவியபடியே வந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், ஸ்டார்ட் ஆவலியா? வெயில்ல பெட்ரோல் பைப்புக்குள்ளயே ஆவியாப் போயி அடச்சிக்கும் சார். எங்க அப்பா டாக்சி ஓட்டிக்கினு இருந்தாரு, எத்தினி தபா பாத்திருக்கேன். ஈரக் கோணி போட்டா ஜல்தியா எடுத்துக்கும்.”

சொன்னதோடு நிற்காமல் சர்க்கரைக் கோணி ஒன்றைத் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்ட இன்ஜின் மேல் போர்த்திவிட்டார். நாங்கள் அவர் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். வேகவைத்த மல்லாட்டை வாங்கித் தின்றோம். எங்கள் ஊர் நிலக்கடலைக்கு இங்கே மல்லாட்டை என்று பெயர். பெயரைக் கேட்டதும் வேறு ஏதோ என்று நினைத்து, உரித்த பிறகுதான் நம் ஆள் என்று தெரிந்தது. சூடாக, உப்பாக, நகக்கண் கறுக்கிற மாதிரி இருந்தது.

முக்கால் மணி கழித்து வண்டி கிளம்பியது. கோணிதான் காரணம் என்று ஏழு பேரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். ஆறவிட்டால் எப்போதுமே கிளம்புகிற வண்டிதானே என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. என் வீட்டுக்காரர் அந்தக் கோணியைக் கேட்டு வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டார்.

கிளியனூர் வீட்டு வாசலிலேயே சம்பந்தியம்மா நின்றிருந்தார். சரோஜா என்று பெயர். கணவர் போன பிறகு நிலத்தையும் மல்லாட்டை வியாபாரத்தையும் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர். “வாங்க சம்பந்தி, ரெண்டு மணிக்கே வந்துடுவோம்னீங்க, நாலாவுது?” என்றார். “வழியில கொஞ்சம் இளைப்பாறிட்டு வந்தோமுங்க,” என்றேன். முதல் பொய். டிக்கியிலிருந்து பலகாரக் கூடையோடு ஈரக் கோணியும் இறங்கியதை அவர் பார்த்தார்.

இரவுக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். கோவையில் நாங்கள் ராகிக் களி என்று சொல்லிப் பத்தியச் சாப்பாடு மாதிரி அளந்து போடுவோம். இங்கே தலையளவு உருண்டை, நடுவில் குழி, அதில் குழம்பு. கீர்த்தி என் பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டிலிருந்தே பிய்த்துத் தின்றாள். கை கழுவும்போது காதோடு சொன்னாள்.

“அம்மா, அத்தை என்னைய நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா வலி வர்றப்ப நீ பக்கத்துல இருக்கோணும். எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிரும்மா.”

“அதுக்குத்தானே வந்திருக்கறோம் கண்ணு,” என்றேன். சொல்லிவிட்டு வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை சம்பந்தியம்மா, வளைகாப்புக்கு முன்னால் திருவக்கரை வக்கிரகாளியம்மனுக்கு எலுமிச்சை மாலை சாத்த வேண்டும் என்றார். “உங்க வண்டியிலயே போயிட்டு வந்துடலாம்,” என்றார். பார்வையில் அந்தக் கோணி இருந்தது. கீர்த்தியை வீட்டில் விட்டுவிட்டு மூவரும் கிளம்பினோம்.

கோயிலில் கூட்டமில்லை, பத்து நிமிஷத்தில் நல்ல தரிசனம். பக்கத்திலேயே கல்மரப் பூங்கா. எந்தக் காலத்திலோ மண்ணுக்குள் போன மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பட்டையும் வரிகளும் அப்படியே இருக்கின்றன, தொட்டால் கல். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு பலகையையும் நின்று படித்தார். வண்டி ஆறுவதற்காக நேரம் கடத்துகிறார் என்று எனக்குத் தெரியும். சம்பந்தியம்மாவுக்கு அது தெரியாததால், “போலாமா சம்பந்தி, வீட்டுல ஆயிரம் வேல கெடக்குது,” என்று இருபதாவது நிமிஷத்திலேயே கிளப்பிவிட்டார்.

கிர்ர் கிர்ர்.

என் வீட்டுக்காரர் இறங்கினார். டிக்கியைத் திறந்தார். கோணி, தண்ணீர்க் கேன். சம்பந்தியம்மா மாலையில் மிஞ்சிய எலுமிச்சம்பழங்களை மடியில் வைத்துக்கொண்டு, பின்சீட்டில் அசையாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். கோணி போர்த்திப் பத்து நிமிஷம் ஆயிற்று. கிர்ர் கிர்ர். சம்பந்தியம்மா இறங்கி என் எதிரில் வந்து நின்றார்.

“சம்பந்தி, மனசுல ஒண்ண வெச்சிக்கினு வெளிய ஒண்ணு பேச எனக்கு வராது. புள்ளத்தாச்சிப் பொண்ண வாசப்படி தாண்டி வண்டியில ஏத்திட்டு, கெளம்பலன்னு திரும்பவும் உள்ள கூட்டியார முடியாது. அபசகுனம். நடு ரோட்டுல நின்னா அது இன்னும் பேஜாரு. நாளைக்கி என் எதுருல இந்த வண்டி ஓடி, சூடாயி, நின்னு, திரும்பக் கெளம்பட்டும். கெளம்புச்சின்னா சந்தோஷமா அனுப்பறேன். இல்லன்னா பிரசவம் இங்கயே பாத்துக்கறோம். நீங்க வந்து கூட இருங்க, வேணாம்னா சொல்றேன்?”

நியாயமான பேச்சு. அதுதான் கஷ்டம். அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அவரே ஃபோனை எடுத்துத் திண்டிவனத்திலிருந்த ரஃபீக் என்கிற மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவருடைய மல்லாட்டை லோடு வண்டியைப் பார்க்கிறவராம். அப்புறம் ஷேர் ஆட்டோவில் ஏறி, எலுமிச்சம்பழங்களோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

ரஃபீக் பைக்கில் வந்தார். அதுவரை என் வீட்டுக்காரர் வண்டியை ஆறவிடாமல் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். நாற்பது வயசிருக்கும். வந்ததும் ஸ்பேனரை எடுப்பார் என்று பார்த்தால், வண்டியைத் தொடவே இல்லை. கேள்வியாகக் கேட்டார்.

“காத்தால எப்படி சார்?”

“ஒரே சாவி.”

“ஓடிக்கினு இருக்கும்போது நின்னுருக்குதா?”

“ஒருக்காலும் இல்ல.”

“பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குதா?”

என் வீட்டுக்காரர் தயங்கினார். “ஆமாங்க, ஆறு மாசமாக் குடிக்குது,” என்று நான் சொன்னேன்.

ரஃபீக் புகைக்குழாய்ப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். கோணியை இரண்டு விரலால் தூக்கி டிக்கியில் போட்டார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருகினார். இழுத்தது, இருமியது, பிடித்துக்கொண்டது. பின்னால் கரும்புகை குப்பென்று கிளம்பி, சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தையே எழுந்து ஓட வைத்தது.

“பெட்ரோல் வரலன்னு நீங்க நெனச்சிக்கினு இருக்கீங்க சார். இது ஜாஸ்தியா வந்து மூழ்கிப் போயி நிக்குது. முழுசா அமுக்கினா கம்ப்யூட்டர் பெட்ரோல நிறுத்திக்கும், காத்து போயி காயும், அதான் புடிச்சிது. கோணி போட்டு ஒண்ணும் ஆவாது. ஆற ஆற அதுவாக் காஞ்சிருக்கு, பேரு கோணிக்கு.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

திண்டிவனத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ரஃபீக்கின் கடை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்தார். இன்ஜினிலிருந்து ஆவி பறக்காத குறை. பானெட்டில் கை வைத்தால் பொசுங்கிவிடும். திரை ஐந்து டிகிரி என்றது.

ரஃபீக் வாய்விட்டுச் சிரித்தார். “சார், நீங்க கோயமுத்தூர்தானே? உங்க வண்டி இன்னும் ஊட்டியில இருக்கறதா நெனச்சிக்கினு இருக்குது. குளுருல கெளப்பறதுன்னா பெட்ரோல் அதிகமா ஊத்தணும். அது பாவம், இன்ஜின் கொதிக்கும்போதும் குளுருன்னு நெனச்சி ஊத்தோ ஊத்துன்னு ஊத்துது. சூடு எவ்ளோன்னு சொல்ற சென்சார் ஒண்ணு இருக்குது, அதுதான் கோளாறு. ஃபேனுக்குத் தனி சுவிட்ச்சு, அதனால வண்டி பொழச்சிது.”

எனக்கு ஒரே குஷி. ஆறு மாசமாகப் பேட்டரி, பிளக், பெட்ரோல் பங்க்காரன் கலப்படம் என்று எத்தனை வியாக்கியானம் கேட்டிருப்பேன்! “நல்லாக் கேட்டுக்கங்க. மில்லுல நூத்துக்கணக்கான நூல் கதிரை ஓட்டுனவரு, ஒத்த சென்சாரைக் கண்டுபுடிக்க முடியல,” என்றேன். இன்னும் இரண்டு மூன்று சொன்னேன். அதையெல்லாம் எழுதவில்லை.

ரஃபீக் அந்தச் சென்சாருக்குப் போகிற கறுப்பு பிளக்கைக் கழற்றினார். ரப்பர் கையோடு உதிர்ந்தது. உள்ளே மஞ்சளாக ஏதோ இறுகிப் போயிருந்தது. நடுவில் கொஞ்சம் சிவப்பு. அதைச் சுரண்டி விரலில் தேய்த்து மோந்தார். இன்னொரு தடவை மோந்தார்.

“சந்தனமுங்க இது,” என்றார். “குங்குமங்கூட இருக்குது. யாரு வெச்சது?”

அதுவரை பேசிக்கொண்டே இருந்த என் வாய் தானாக மூடிக்கொண்டது.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் வேலைகள் பிரித்தாயிற்று. வண்டியைக் கழுவி மாலை போடுவதும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதும் அவர். பொட்டு வைப்பது நான். வெளியே வைத்தால் ஒரு மழையில் போய்விடும், ஓடுகிறது இன்ஜின்தானே, அதற்கல்லவா வைக்க வேண்டும் என்று முதல் வருஷமே பானெட்டைத் திறக்கச் சொன்னேன். கைக்கு எட்டுகிற இடத்தில், நிமிர்ந்த மாதிரி ஒரு கறுப்புத் தலை. இதுதான் நெற்றி என்று முடிவு பண்ணிவிட்டேன். அன்று முதல் பதினெட்டு வருஷம், பன்னீரில் குழைத்து, தாராளமாக. வருஷா வருஷம் போன வருஷத்துப் பொட்டு மேலேயே வைப்பேன்.

“ரப்பர் வெடிச்சதும் வயர் வழியா உள்ள எறங்கிக்கினே வந்திருக்குது,” என்றார் ரஃபீக், மெதுவாக. “பின்னு ரெண்டும் துரு. கோணித் தண்ணி வேற. சென்சார், பிளக்கு ரெண்டும் மாத்தணும். இந்த மாடலுக்கு இங்க கெடைக்காது, விழுப்புரத்துல ஒரு கடையில இருக்குது, கேட்டுட்டேன். நான் வயரைச் சுத்தம் பண்ணி வெக்கறேன். நீங்க பஸ்ஸுல போயி ஜல்தியா வாங்கியாந்துடுங்க.”

பழைய சென்சாரைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அதை நான்தான் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் நிற்கத்தான் இடம். “உள்ள போய்க்கினே இருங்க, படியில நிக்காதீங்க, உள்ள காலியாத்தான் கெடக்குது,” என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு மூட்டைக்குக்கூட இடமில்லை. மயிலம் பிரிவில் இரண்டு பேர் இறங்க, நாங்கள் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். கடையில் நான் பேசிய பேச்சுக்கு அவர் திருப்பிப் பத்து பேசியிருக்கலாம். நான் காகிதப் பொட்டலத்தை மடியில் உருட்டிக்கொண்டு வந்தேன்.

“ஏனுங்க, திட்டறதுன்னா திட்டிருங்க,” என்றேன்.

“எதுக்கு?”

“எம்பட சந்தனந்தானே எம்புள்ளைக்கே எமனா வந்துது.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அந்தப் பிளக்கை நான் நாலு தடவை பார்த்தேன் கமலா. அதைக் கழட்டிப் பார்க்கோணும்னு தோணுச்சு. சந்தனம் அப்பியிருந்துது. கழட்டுனா உதிர்ந்துரும். நீ வெச்சது. மனசு வரல, வேற பக்கம் தேடிட்டு இருந்துட்டேன்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மனுஷன் ஆறு மாசம் என் வாயால் வாங்கிக் கட்டிக்கொண்டாரே தவிர, என் பொட்டை உதிர்க்கவில்லை. என்னை இன்ஜினுக்குக் காவல் வைத்தார் என்று இவரைத்தான் ஆத்தூரில் குறை சொன்னேன். எதிர் சீட்டு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, “வாந்தி வருதாம்மா? எலுமிச்சம்பழம் தரட்டா?” என்றார். வாங்கிக்கொண்டேன்.

விழுப்புரம் கடைக்காரர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஏணியில் ஏறி, மூன்றாவது தட்டிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்துப் போட்டார். “இன்னாங்க இது, பூச வாசன அடிக்குது?” என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு வேகமாக வெளியே வந்தோம்.

ஆறரை மணிக்குத் திண்டிவனத்தில் புதியது மாட்டியாயிற்று. வண்டியை ஓட்டிச் சூடாக்கி வந்து பார்த்தால் திரையில் எண்பத்தைந்து டிகிரி. வண்டி ஊட்டியிலிருந்து இறங்கிவிட்டது. அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தோம். ரஃபீக் டீ வரவழைத்தார். சாவியைத் திருகினார், கிளம்பியது. கிளம்பும்போது என்னிடம் தனியாகச் சொன்னார், “சரோஜாம்மா கேட்டா வயரு துருன்னு சொல்லிக்கறேன்மா. அதுவும் நெசந்தான், விடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்கே கூடம் நிறைந்துவிட்டது. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், எள் என்று வகைக்கொரு சாதம். நான் கொண்டுபோன எங்கள் பக்கத்துப் பலகாரங்களுக்கு நல்ல மரியாதை. கீர்த்தியின் இரண்டு கையும் முழங்கை வரை கண்ணாடி வளையல். துபாயிலிருந்து மாப்பிள்ளை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோனை யாரோ தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். அவர் அதற்கும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் கிளம்ப வேண்டும். என் வீட்டுக்காரர் பத்தரைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு திண்டிவனம் வரை போய், பதினொன்றே காலுக்கு வந்து, வாசலில் கொளுத்துகிற வெயிலில் நிறுத்தினார். சம்பந்தியம்மா வெளியே வந்து பானெட்டைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். சூடுதான் என்று திருப்தி. “கால் மணி நிக்கட்டும்,” என்றார்.

அந்தக் கால் மணி நேரத்தில் கீர்த்தி எல்லாருடைய காலிலும் விழுந்து எழுந்தாள். பெட்டிகள் வாசலுக்கு வந்தன. சம்பந்தியம்மா உள்ளே போனவர், ஒரு பித்தளைக் கிண்ணத்தோடு திரும்பி வந்தார்.

“மொத மொதலா எம்பேரப் புள்ள போற வண்டி. வண்டிக்கும் ஒரு பொட்டு வெச்சி அனுப்பறேன். பானெட்டத் தெறங்க சம்பந்தி.”

கிண்ணத்தில் சந்தனம். அப்போதுதான் குழைத்தது, தளதளவென்று.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றால் ஆசீர்வாதத்தை மறுத்த மாதிரி. சரி என்றால், அந்த அம்மாளின் கை நேராக எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? சுற்றி இருபது பெண்கள். வயர் துரு என்று ரஃபீக் சொல்லிவைத்தது இருந்தது. அது இங்கே உதவாது. நான் பானெட் மேல் கையை வைத்துக்கொண்டேன். கை சுட்டது.

“வேண்டாமுங்க சம்பந்தி. இந்த வண்டி கெட்டதே என்னோட சந்தனத்துலதானுங்க. பதினெட்டு வருஷம் நான்தான் அந்தப் பிளக்கு மேல அப்பிட்டு வந்தேன். உள்ள போயி அடைச்சிருச்சு. நேத்துதான் தெரிஞ்சுது. வெக்கமா இருந்துது, சொல்லல. வெள்ளிக்கிழமை இளைப்பாறிட்டு வந்தோம்னு சொன்னதும் பொய்யுங்க.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போச்சு, அபசகுனம் என்று சொல்லப்போகிறார், பெட்டிகள் உள்ளே போகப்போகின்றன என்று நினைத்தேன்.

“எங்க மல்லாட்ட ஒடைக்கிற மிஷினு,” என்று மெதுவாக ஆரம்பித்தார் சம்பந்தியம்மா. “வருஷத்துக்கு ரெண்டு தபா நின்னுடும். ரஃபீக்குகூட ரெண்டு தபா பாத்தாரு, இன்னான்னு தெரியலன்னுட்டாரு. அதுக்கு நான்தான் வருஷா வருஷம் சந்தனம் வெக்கறேன்.”

“எங்கீங்க வெப்பீங்க?”

“சுவிட்ச்சு பொட்டியில.”

அப்புறம் கூட்டமே சிரித்தது. சம்பந்தியம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. “நம்ம ரெண்டு பேரும் சேந்து எத்தன மிஷின சாவடிச்சிருக்கோம் பாருங்க சம்பந்தி,” என்றார். கிண்ணத்திலிருந்து இரண்டு விரலால் வழித்து என் இரண்டு கன்னத்திலும் பூசினார். “இந்தாங்க, இங்க வெச்சா துரு ஏறாது. எடுங்க வண்டிய.”

என் வீட்டுக்காரர் சாவியைத் திருகினார். பாதி ‘கிர்’ரிலேயே பிடித்துக்கொண்டது. பதினொன்று முப்பத்தைந்து. கீர்த்தி மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள், அவரும் அழுதார். மல்லாட்டை ஒரு மூட்டை டிக்கியில் ஏறியது. அதற்கு இடம் பண்ண அந்தக் கோணியைத் தூக்கி வெளியே போட்டேன்.

விழுப்புரம் வந்ததும் கீர்த்தி பாத்ரூம் போக வேண்டும் என்றாள். அதே சாப்பாட்டுக் கடை, அதே டீக்கடை. என் வீட்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். நான் வழக்கப்படி காவலுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். “வா, டீ குடிக்கலாம்,” என்றார். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். வெயிலில் வண்டி தனியாக நின்றது. நான் டீயைவிட வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீக்கடைக்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், ஒரு கோணியை நன்றாக முக்கி, சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு வந்தார்.

“வேண்டாமுங்க,” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஏறி உக்காருங்க சார், எப்படியும் வேணும். நான் இங்கியே நிக்கறேன்.”

ஏறினோம். நான் பின்சீட்டில் கீர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வக்கிரகாளியம்மா, இனிமேல் எதன் மேலும் எதையும் பூச மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். இன்னும் இரண்டு தெய்வங்களைக் கூப்பிட்டேன். சாவி திரும்புவதற்காகக் காத்திருந்தேன். வளையல்கள் குலுங்கின. கீர்த்தி என் கன்னத்தில் காய்ந்துபோன சந்தனத்தைச் சுரண்டினாள்.

“அம்மா, கண்ணைத் தொற,” என்றாள். “டவுனைத் தாண்டி வந்தாச்சு.”